இரண்டாவது பத்திரம்

கிரகப்பிரவேசத்துக்குத்தானே போகிறீர்கள், அக்கா? மடியில் சுவர்க்கடிகாரப் பெட்டி இருக்கிறதே, அதை வைத்துச் சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது? தெரியாது, இல்லையா? யாருக்கும் தெரியாது. என்ன டைல்ஸ், சதுர அடி எவ்வளவுக்கு முடித்தார்கள், பூஜை அறை எந்தப் பக்கம், எல்லாம் விசாரிப்போம். பத்திரத்தில் யார் பெயர் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கமாட்டோம். கேட்டால் அபசகுனம்.

நான் கேட்பேன். கோயமுத்தூரில் சட்டம் படிக்கிறேன், நான்காம் வருஷம். பவதாரணி வந்தால் மெஸ் சாம்பாருக்குக்கூட வழக்கு நடக்கும் என்று ஹாஸ்டலில் கேலி செய்வார்கள். நடக்கட்டுமே. ஒருத்தரும் வாய் திறக்காததால்தான் எங்கள் அம்மா பதினொரு வருஷம் ஏமாந்தாள். நேரம் இருக்கிறதல்லவா உங்களுக்கு? பஸ் இப்போதுதான் காங்கேயம் தாண்டியிருக்கிறது.

அம்மா புனிதவதி, அரசுப் பள்ளி டீச்சர். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கும் அந்தப் பள்ளியில் இரண்டே டீச்சர்தான். நாளெல்லாம் கத்த வேண்டும். அப்பா சென்னியப்பன், கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையில் மேஸ்திரி. இந்த ஜன்னல் இப்படி ஆடுகிறதே, அவர் உட்கார்ந்திருந்தால் இந்நேரம் எழுந்துபோய் எந்தப் பட்டறை வண்டி என்று டிரைவரைக் கேட்டிருப்பார். வண்டியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அந்த மனுஷன் நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

வெங்கமேட்டில் வீடு. மனை அப்பாவின் அப்பா கொடுத்தது, ஆகவே பத்திரம் அப்பா பெயரில். கட்டடம் வங்கிக் கடனில் எழுப்பியது. பட்டறைக்காரர்கள் பாதிச் சம்பளத்தைக் கையில் கொடுப்பார்கள், அதற்கெல்லாம் சம்பளச் சீட்டு கிடையாது. அதனால் வங்கி அம்மாவின் சம்பளத்தைப் பார்த்துத்தான் கடனே கொடுத்தது. கடனில் இருவரும் கையெழுத்து. மாதம் ஐந்தாம் தேதி தவணை அம்மாவின் கணக்கிலிருந்து போய்விடும். அரிசி, பால், என் ஃபீஸ் அப்பா.

முதல் வருஷம் சொத்துரிமைச் சட்ட வகுப்பு முடித்து லீவுக்கு வந்தபோது பீரோவைத் திறந்து பத்திரத்தின் நகலை எடுத்துப் படித்தேன். அசல் வங்கியில் இருந்தது.

"அம்மா, இதுல உன் பேரே இல்லையே?"

"மனை அவங்கப்பன் ஊட்டுது, கண்ணு."

"செரி. மனை மேல நிக்குதே, அது?"

"அது கடன்."

எப்படிச் சொன்னாள் பாருங்கள். மனை அவருடையது, கடன் இவளுடையது. அப்பா பட்டறையிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"பணம் ஒருத்தர் கட்டி, சொத்து இன்னொருத்தர் பேர்ல இருந்தா அதுக்குப் பேரு என்னப்பா?"

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "குடும்பம்னு பேரு," என்றார்.

சுரண்டல் என்று பெயர் என்றேன். அப்புறம் ஒவ்வொரு லீவிலும் சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன், அத்தை மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். அம்மா "போச்சாது, உடு கண்ணு" என்பாள். நான் விடவில்லை. அவளுக்குக் கண்ணைத் திறந்து வைத்தது நான்தான், அதை யாரும் மறுக்க முடியாது. அவர்கள் இருவரும் அதற்கு முன்பே பேச்சைக் குறைத்திருந்தார்கள் என்பது வேறு. வீட்டில் ஆளுக்கொன்றாக இரண்டு கேஸ் அடுப்பு. என்ன சண்டை என்று கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. "உங்கப்பாகிட்டச் சொல்லு, கரண்டு பில்லு வந்திருக்கு." "உங்கம்மாகிட்டச் சொல்லு, கட்டியாச்சு." நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

இரண்டாம் வருஷக் கடைசியில் அம்மாவிடமிருந்து வாட்சப்பில் ஒரு செய்தி. 'அப்பாவும் நானும் பிரிந்துகொள்கிறோம். சண்டை இல்லை. நீ பதறாதே. பரீட்சையை முடித்துவிட்டு வா.' அம்மா எதையும் எழுதித்தான் அனுப்புவாள் அப்போதெல்லாம். சாயங்காலமானால் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும், சத்தம் வராது. பேச்சைக் குறைங்க டீச்சர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீச்சரைப் போய்ப் பேச்சைக் குறைக்கச் சொன்னால்?

பரீட்சையை முடிக்காமலே வந்தேன். சமையல்கட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"எனக்கு ஊடு வேண்டாங் கண்ணு," என்றாள் அம்மா. "வித்துக் கடனக் கட்டிப் போட்டு, மிச்சத்த ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம். நான் ஸ்கூல் பக்கத்துல சின்னதா வாடகைக்குப் பாத்துக்கறேன். வேலையவும் கொஞ்ச நாள்ல உட்ரலாம்னு இருக்கறேன்."

கேட்டீர்களா? பதினொரு வருஷம் கட்டிய வீடு வேண்டாமாம். இப்படித்தான் அக்கா, பெண்களே பெண்களுக்கு எதிரி என்று சொல்ல வைக்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா குறுக்கிட்டார்.

"விக்க வேண்டாம். ஊட்டை அவளே எடுத்துக்கட்டும், மனையோட. நான் பட்டறை ரூம்ல இருந்துக்குவேன். அடுத்த வாரம் பத்திர ஆபீசு போயி எழுதிக் குடுத்தர்றேன். கோர்ட்டெல்லாம் அப்பறம் ஆகட்டும். இப்பவே எழுதுனாச் செலவு கம்மின்னு காதர் பாய் சொன்னாரு."

காதர் பாய் பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே கடை.

நீங்களே சொல்லுங்கள். ஒரு மனிதர் ஒரு வீட்டை இவ்வளவு சுலபமாக எடுத்து நீட்டினால் சந்தேகப்பட வேண்டாமா? அவசரம் என்ன? கோர்ட்டுக்கு முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு நீதிபதி முன் நின்று 'எல்லாம் கொடுத்தாச்சுங்க' என்று என் படிப்புச் செலவுக்குக் கை விரித்துவிடலாம். வீட்டோடு கடனையும் அம்மா தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்கலாம். எழுதும்போதே ஏதாவது ஒரு வரியைச் செருகலாம். இதையெல்லாம் விளக்கினேன். முதலில் தீர்ப்பு, அதில் வீட்டு விஷயம் ஏறட்டும், அப்புறம்தான் பத்திரம் என்றேன். அம்மாவின் வக்கீல் ஒரு அம்மாள், இருபது வருஷ அனுபவமாம், அவரும் பத்திரத்தை முதலில் முடித்துவிடலாமே என்றார். அவரோடும் வாதாடினேன். கடைசியில் "உன் இஷ்டம்மா, உங்க வீடு" என்று ஃபைலை மூடிவிட்டார். ஜெயித்தேன்.

அன்றைக்குச் சமையல்கட்டில் இரண்டு மணி நேரம் பேசினேன், அக்கா. அம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்து "செரி, எங்க ஊட்டு வக்கீலம்மா சொல்றாப்லயே ஆகட்டும்" என்று எழுந்து போய்விட்டார்.

மனுப் போட்டு, சட்டப்படி ஆறு மாதம் காத்திருந்து, தீர்ப்பு வந்தது. அதில் வீட்டைப் பற்றிய வரி நான் சொல்லி எழுதியது. 'முதல் மனுதாரர் மேற்படி வீட்டிலுள்ள தமது உரிமையை இரண்டாம் மனுதாரருக்கு எழுதிக்கொடுப்பார்.' எவ்வளவு சுத்தமான வாக்கியம் பாருங்கள். தீர்ப்பை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் காதர் பாய் கடைக்குப் போனோம். நான்தான் மேஜை மேல் வைத்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தீர்ப்பே வந்துருச்சுங்களா? அட, அதுக்கு முன்னாடி வாங்கன்னு சொன்னேனுங்களே, சென்னியப்பண்ணே!"

"ஏனுங் பாய், என்னாச்சு?"

"புருசன் பொஞ்சாதிக்கு எழுதுனா பத்திரச் செலவு ஒரு ரேட்டு, வேத்து ஆளுக்கு எழுதுனா ஒரு ரேட்டுங்க. இந்தம்மா இப்ப உங்களுக்கு வேத்து ஆளு. அஞ்சு லட்சத்துக்கு மேல கேப்பாங்க."

தீர்ப்பில் எழுதியிருக்கிறதே என்றேன். எழுதிக்கொடுப்பார்னுதானே இருக்கு பாப்பா, அதைத்தான் எழுதச் சொல்றேன், அதுக்குத்தான் ரேட்டு என்றார். அந்த வரியை மடக்கிப் பிடித்து அவரிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். எதிரே அலுவலகத்திலும் போய்க் கேட்டேன். அதையே சொன்னார்கள்.

அப்பா சிரித்தார். "வேத்து ஆளாவறதுக்கு எங்களுக்கு இருவத்தி நாலு வருசம் ஆச்சுங்க, பாய்."

அம்மாவும் சிரித்தாள். நம்புவீர்களா? ஐந்து லட்சம் என்று கேட்டுவிட்டு இருவரும் பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். பொறுப்பு என்பது அந்தக் கடையில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அரசாங்கத்தின் தப்புக்கு நான் என்ன செய்வேன்? விவாகரத்து ஆனவர்களுக்கும் அதே கட்டணம் என்று வைத்திருக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதைப் பற்றி ஒரு கட்டுரைகூட எழுதி வைத்திருக்கிறேன்.

வழி சொன்னது காதர் பாய்தான். "பாப்பா ரெண்டு பேத்துக்கும் மகதானுங்களே. அப்பன் மகளுக்கு எழுதட்டும். அடுத்த வாரம் மக அம்மாளுக்கு எழுதட்டும். ரெண்டு பத்திரம், ரெண்டு தடவை செலவு. ஆனா ரெண்டுமே குடும்பத்துக்குள்ள, பத்துல ஒரு பங்குகூட ஆகாது."

வங்கியில் அலைந்து அனுமதிக் கடிதம் வாங்கினோம். அப்பாவைக் கடனிலிருந்து விடுவித்தார்கள். அம்மாவின் சம்பளம் மட்டும் போதுமென்றார்கள், ஆனால் அவள் ஓய்வு பெறுவதற்குள் கடன் முடிய வேண்டும், ஆகவே தவணை ஏறியது. வீட்டுக்கு உரிமையாளர் யாரோ அவரும் கடனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னையும் போடச் சொன்னார்கள். போட்டேன். ஒரு மகள் அதைச் செய்ய மாட்டாளா?

முதல் பத்திரம் பதிவானது. அப்பா எழுதிக் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன். கேமரா முன் உட்கார வைத்துப் படம் எடுத்து, விரலை வைக்கச் சொன்னார்கள். இருபத்தோரு வயதில் கரூர் டவுனில் ஒரு வீடு. எங்கள் வகுப்பில் யாருக்கும் இல்லை. வெளியே வந்து பத்திரத்தை அம்மா கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உம்பேருக்கு வந்துருச்சா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. சந்தோஷம்தான், வேறென்ன இருக்கும்?

அடுத்த வாரம் இரண்டாவது பத்திரம். அடுத்த வாரம் எனக்கு உள்தேர்வு வந்துவிட்டது. அதற்கடுத்து மாதிரி நீதிமன்றப் போட்டி, மதுரையில். நாங்கள் இரண்டாம் பரிசு. அப்புறம் வங்கி மேனேஜர் மாறினார், புது ஆள் புதுக் கடிதம் கேட்டார். அம்மா ஃபோன் செய்வாள்.

"எப்பக் கண்ணு வர்றே?"

"வர்றேம்மா. எங்க போகப்போகுது வீடு?"

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல். ஆனால் அக்கா, வேலை மும்முரத்தில் தள்ளிப்போட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் யோசித்தேன். அம்மா பெயரில் எழுதினால் அவள் என்ன செய்வாள்? விற்பாள். அவளே சொல்லியிருக்கிறாள். விற்றால் மாமா வருவார், அம்மாவின் தம்பி, எதையாவது சொல்லிக் கைமாற்று வாங்குவார், இவள் கொடுப்பாள். அம்மா ஒரு ஏமாளி. பதினொரு வருஷம் அப்பாவிடம் ஏமாந்தவள் இன்னொருத்தரிடம் ஏமாற எத்தனை நாள் ஆகும்? என் பெயரில் இருப்பதுதான் அவளுக்குப் பாதுகாப்பு. பெயர்தானே என்னுடையது, வீடு அவளுடையதுதானே? அவளை யாராவது இருக்க வேண்டாம் என்றார்களா?

அதையும் கேளுங்கள். இருக்கவில்லை. போன ஜூனில் வேலாயுதம்பாளையத்தில் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துப் போய்விட்டாள். வீட்டிலிருந்து பஸ் ஏறி இறங்கிப் போய்க் கத்துவதற்குத் தெம்பு இல்லையாம். வெங்கமேட்டு வீட்டை வாடகைக்கு விட்டால் தவணைக்கு ஆகும் என்று கேட்டாள். மாடியில் என் அறை இருக்கிறது, என் புத்தகங்கள் இருக்கின்றன, யாரோ வந்து ஆணி அடிப்பார்களா என் சுவரில்? முடியாது என்றேன். சொத்தின் மதிப்புக் குறையும் என்று காரணமும் சொன்னேன். ஃபோனை வைத்துவிட்டாள். ஒத்துக்கொண்டாள் என்றுதான் அர்த்தம். அதற்கப்புறம் அங்கே வாடகையும் இங்கே தவணையும் அவளே கட்டினாள். யார் போகச் சொன்னது?

போன வாரம் ஹாஸ்டலுக்கு ஒரு கடிதம். வார்டன் கூப்பிட்டுக் கொடுத்தார், கவரின் மேல் வங்கியின் முத்திரை. மூன்று மாதமாகத் தவணை வரவில்லையாம். செல்வி பவதாரணி அவர்களே, இத்தனை நாளுக்குள் கட்டவில்லையென்றால் என்று ஆரம்பித்துப் பக்கம் முழுக்க மிரட்டல். எனக்கு! நான் ஒரு மாணவி! உடனே அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"என்னம்மா இது?"

"நான் நிறுத்திட்டேன்." அந்தக் குரலை நீங்கள் கேட்க வேண்டும், உப்புத்தாளில் தேய்க்கிற மாதிரி.

"நிறுத்தீட்டியா? கடன்ல உன் கையெழுத்தும் இருக்குது, தெரியுமில்ல?"

"தெரியும்."

"உன் மேலதாம்மா நடவடிக்கை வரும்!"

"வரட்டும். வேலைய உட்டாச்சு கண்ணு. எழுதிக் குடுத்துட்டேன், இந்த மாசத்தோட சரி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான் வித்தாக் கடன் போக ஏதோ மிஞ்சும். பேங்குக்காரன் வித்தா ஒண்ணும் மிஞ்சாது. வர்ற வெள்ளிக்கெழம பதனொண்ணரைக்குப் பத்திர ஆபீசுல டோக்கன் போட்டிருக்கறேன். காதர் பாய் பத்திரம் அடிச்சு வெச்சிருக்கறாரு. வந்து கையெழுத்துப் போடறயா, இல்லியா?"

எங்கள் அம்மா! ஜாக்கெட் பிட்டுக்குப் பேரம் பேசத் தெரியாதவள்! எனக்கே நிபந்தனை போடுகிறாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டது. அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். அவர் எழுதிக் கொடுத்த வீடு, அவராவது நியாயம் சொல்ல வேண்டாமா?

"என்னை எதுக்குக் கேக்கறே? நான் வேத்து ஆளு," என்றார். பின்னால் பட்டறையில் தகரம் அடிக்கிற சத்தம். சத்தம் நின்ற பிறகு சொன்னார். "உங்கம்மாளுக்குத் தொண்டையில சின்னதாக் கட்டி. எடுக்கோணும்னு தேதி குடுத்திருக்காங்க. அப்பறம் ஒரு மாசம் பேசவே கூடாதாம். நாந்தான் கூட்டிட்டுப் போறேன்."

"எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?"

"சொல்றதுக்கு நீ எங்க உடறே?"

அவ்வளவுதான், வைத்துவிட்டார். பார்த்தீர்களா, அக்கா? ஒரே வீட்டில் இருந்தவரை கரண்டு பில்லுக்கு என்னைத் தூது அனுப்பினவர்கள், இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போகிறார்கள். எனக்கு எதிராக. அம்மா உடம்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று நினைக்கிறீர்களா? இருக்கிறது. இருப்பதால்தான் சொல்கிறேன், உடம்பு சரியில்லாத நேரத்தில் ஒரு பெண் சொத்து விஷயமாக முடிவெடுக்கக் கூடாது. சட்டமே அதை ஒத்துக்கொள்ளும்.

இன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. மணி என்ன, பத்தரையா? சரியாகப் போய்விடலாம். கையெழுத்துப் போடத்தான் போகிறேன், ஆனால் காதர் பாய் அடித்து வைத்திருக்கிற காகிதத்தில் இல்லை. நானே ஒன்று எழுதியிருக்கிறேன், முத்திரைத்தாளில், மூன்று ராத்திரி உட்கார்ந்து. படிக்கிறேன் கேளுங்கள்.

'மேற்படி வீட்டில் தாயார் தம் ஆயுட்காலம் முழுவதும் எவ்வித இடையூறுமின்றிக் குடியிருந்துகொள்ளலாம்.' ஆயுட்காலம் முழுவதும், அக்கா! எந்த மகள் எழுதிக் கொடுப்பாள்? 'மேற்படி வீட்டின் பேரிலுள்ள கடனைத் தாயார் தம் ஓய்வூதியத்திலிருந்து தவறாமல் செலுத்தி வர வேண்டும். மேற்படி வீட்டை விற்கவோ, அடமானம் வைக்கவோ, வாடகைக்கு விடவோ தாயாருக்கு உரிமை இல்லை. மாடி அறை மகளின் உபயோகத்தில் இருக்கும்.'

எங்கேயாவது ஒரு ஓட்டை சொல்லுங்கள் பார்ப்போம். காதர் பாயிடம் இதைப் படமெடுத்து அனுப்பினேன், 'பாப்பா, நான் எழுதற ஆளு இல்லைங்க இதுக்கு' என்று பதில் போட்டார். என் ரூம்மேட் ஜெசிந்தா வாசித்துவிட்டு, தனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். சட்டம் படிக்கிறவர்களுக்கே துணிச்சல் இல்லை. நீங்கள் அப்படி இல்லை, இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். இதற்கு இரண்டு சாட்சி வேண்டும், அக்கா. உங்களுக்கு ஒரு பொறுப்பும் வராது. இந்தக் கோட்டுக்கு மேல் ஒரு கையெழுத்து, கீழே விலாசம், ஆதார் நம்பர். ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? இது தென்னிலைதான், கரூர் இன்னும் வரவில்லையே. முன்னால் காற்று வருகிறதா? இங்கேயும்தான் வருகிறது, ஜன்னலைத் திறந்துவிடுகிறேன்.

சரி, போங்கள். யாரையும் நான் கட்டாயப்படுத்துவதில்லை.

அண்ணா, இந்தப் பக்கம் இடம் காலிதான், உட்காருங்கள். பார்த்தால் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள். உங்களிடம் பேனா இருக்குமா?